காட்டுச் சுண்டெலிகளிடம் வைரஸைத் தேடும் களஆய்வு: முழுமையான வழிகாட்டி

1993 மே மாதம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நவஹோ என்ற பழங்குடி இனத்தைச் சேர்ந்த இளம் ஓட்டப்பந்தய வீரர் ஒருவர் திடீரென மூச்சுத்திணறி இறந்துபோனார். அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணும் சில நாட்களுக்கு முன்புதான் அதேபோல் இறந்திருந்தார். விசாரிக்க விசாரிக்க, நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களும் தொட்டுக்கொள்ளும் பகுதியில் இன்னும் சிலர் இப்படி இறந்திருப்பது தெரிந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, நோயாளிகளின் மாதிரிகளில் ஹாண்டா வகை வைரஸின் தடயத்தைக் கண்டது. ஹாண்டா என்றால் எலியைத் தேட வேண்டும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். கொரியாவில் லீ ஹோ வாங் 1976இல் வயல் எலியின் நுரையீரலில் அதைக் கண்டுபிடித்திருந்தார். உடனே பொறிகள் களத்துக்குப் போயின. அந்தக் கோடையில் ஏறக்குறைய 1700 சிறு பிராணிகள் சிக்கின. அதிகம் சிக்கியது டியர் மவுஸ் என்ற காட்டுச் சுண்டெலி. அவற்றில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் தொற்றின் அடையாளம் இருந்தது. அந்த வைரஸுக்குப் பின்னர் சின் நோம்ப்ரே என்று பெயர் வைத்தார்கள்.

அந்த 30 சதவீதத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். தொற்றில்லாத மீதி எலிகளையும் அதே அக்கறையோடு அளந்து, ரத்தம் எடுத்து, எழுதி வைத்ததால்தான் அந்த எண் கிடைத்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வைரஸ் உள்ள எலியைப் பிடிப்பதில்தான் ஆர்வம் இருக்கும். வைரஸ் இல்லாத எலிக்கும், எதுவுமே சிக்காத பொறிக்கும் கணக்கு இல்லையென்றால், சிக்கிய எலியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கணக்கைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

உயிரியல், கால்நடை மருத்துவம், பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு இப்படி ஒரு குழுவில் சேரப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். தனியாளாக, அனுமதியில்லாமல், பயிற்சியில்லாமல் செய்து பார்க்கும் வேலை இல்லை இது. சின் நோம்ப்ரே நுரையீரலைத் தாக்கினால் மூன்றில் ஒருவருக்கு மேல் இறக்கிறார்கள். அதற்கென்று தனி மருந்து கிடையாது.

முதல் படி: கேள்வியை முடிவு செய்யுங்கள்

"இங்கே எலிகளிடம் வைரஸ் இருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி. "எத்தனை சதவீத எலிகளிடம் இருக்கிறது?" என்பது வேறு. "இந்த ஆண்டு ஏன் இத்தனை பேருக்கு நோய் வந்தது?" என்பது முற்றிலும் வேறு. மூன்றுக்கும் ஒரே பொறிதான், ஆனால் அதை வைக்கும் இடமும் காலமும் மாறும்.

இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் எத்தனை எலி தேவை என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். பத்தில் ஓர் எலிக்குத் தொற்று இருக்கும் இடத்தில், ஒன்றாவது அகப்படும் என்று 95 சதவீதம் நம்பிக்கையோடு சொல்ல 29 எலிகள் வேண்டும். நூற்றில் இரண்டுக்குத்தான் தொற்று என்றால் 149. பத்து எலிகளைப் பரிசோதித்துவிட்டு "இங்கே வைரஸ் இல்லை" என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மனிதர்களுக்கு ஏன் வந்தது என்பது கேள்வியானால், நோய் வந்த வீட்டில் மட்டும் பொறி வைத்தால் போதாது. 1993இல் நோயாளிகளின் வீடுகளோடு, அருகில் நோய் வராத வீடுகளிலும், தொலைவில் இருந்த வீடுகளிலும் பொறி வைத்தார்கள். நோய் வந்த வீடுகளில் எலி கூடுதல் என்பது இந்த ஒப்பீட்டால்தான் தெரிந்தது. காலத்தோடு வரும் மாற்றம் வேண்டுமென்றால் ஒரே இடத்துக்கு மாதாமாதம், ஆண்டுக்கணக்கில் போவதைத் தவிர வேறு வழி இல்லை. நியூ மெக்சிகோவின் செவியேட்டா வனவிலங்குக் காப்பகத்தில் பல்கலைக்கழகச் சூழலியலாளர்கள் நோயைப் பற்றி எதுவும் தெரியாமலே, 1993க்கு முன்பிருந்தே எலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடாகும் எல் நினோ கொண்டுவந்த மழைக்குப் பிறகு எலிகள் பெருகிய கதையை அவர்களுடைய பழைய கணக்குதான் சொன்னது.

இரண்டாம் படி: அனுமதி, ஆட்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் நடைமுறையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான். மாநில வனவிலங்குத் துறையின் பிடிப்பு அனுமதி, நில உரிமையாளரின் சம்மதம், பல்கலைக்கழக விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் ஒரு பொறியும் திறக்கக் கூடாது. நவஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவஹோ நாட்டுக்குள் வேலை என்றால் அவர்களுடைய சொந்த அமைப்புகளின் அனுமதி தனி. மனிதர்களிடம் ஏதாவது கேட்கப்போகிறீர்கள் என்றால் அதற்கும் தனி ஒப்புதல் வேண்டும்.

ஊர்ப் பெரியவர்களிடம் பேசுவதைச் சடங்காக நினைக்காதீர்கள். பின்யோன் பைன் கொட்டைகள் மிதமிஞ்சி விளைந்த ஆண்டுகளில் சுண்டெலிகள் பெருகும், அதையொட்டி இப்படிப்பட்ட மரணங்கள் வரும் என்று 1993இல் நவஹோ பெரியவர்கள் சொன்னார்கள். சுண்டெலியை வீட்டுக்குள் அண்டவிடக் கூடாது என்பது அவர்களுடைய பழைய வழக்கம். சூழலியலாளர்கள் வரைபடம் போட்டுக் காட்டியது பின்னால்தான்.

மூன்றாம் படி: பாதுகாப்பு

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். டியர் மவுஸின் சிறுநீர், எச்சில், புழுக்கை ஆகியவற்றில் வைரஸ் வெளியேறுகிறது. அவை காய்ந்து தூளாகிக் காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போவதுதான் முக்கிய வழி. எலி கடித்தாலும் தொற்றலாம். தொற்றிய எலிக்கோ ஒன்றும் ஆகாது. ஓடியாடித் திரியும், கண் பளபளக்கும், வாழ்நாள் முழுக்க வைரஸைச் சுமக்கும். ஆகவே "பார்த்தால் நல்ல எலி மாதிரி இருக்கிறது" என்ற பேச்சே வேண்டாம்.

வைரஸைத் தேடியே போகும் குழுவுக்கு மூச்சுக்கவசம் கட்டாயம். நுண்துகள்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம், அல்லது மின்விசிறியால் வடிகட்டிய காற்றைத் தரும் கவசம். அரைமுகக் கவசம் முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், அதற்குப் பொருத்தச் சோதனை செய்ய வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது. தாடியை எடுக்க மனமில்லாதவர்கள் விசிறிக் கவசம் போட்டுக்கொள்ளட்டும், இல்லையென்றால் எழுத்து வேலைக்குப் போகட்டும். கையுறை இரண்டு அடுக்கு, கண்ணாடி, முழுமேலங்கி, கழுவக்கூடிய பூட்ஸ்.

சாதாரணமாக எலிகளை எண்ணும் சூழலியலாளர்களுக்கு இத்தனை கவசம் தேவையா என்று அமெரிக்கப் பாலூட்டி ஆய்வாளர்களிடையே பல காலம் வாதம் நடந்தது. திறந்த வெளியில் எண்ணிவிட்டு விடுகிறவர்களுக்கு ஆபத்து குறைவு என்ற தரப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் ரத்தமும் உறுப்பும் எடுக்கிற ஆட்கள் அந்த வாதத்தைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2004இல் மேற்கு வர்ஜீனியாவில் சிறு பாலூட்டிகளைப் பிடித்து ஆய்ந்துகொண்டிருந்த ஒரு முதுநிலை மாணவர் ஹாண்டா நோயால் இறந்தார்.

கிருமிநீக்கத்துக்கு வீட்டு பிளீச்சே போதும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். தினமும் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றைய கலவைக்கு வீரியம் இருக்காது. ரத்தமும் மண்ணும் கலந்தாலும் வீரியம் குறையும், கலங்கிவிட்டால் மாற்றுங்கள்.

தென்மேற்கு அமெரிக்காவில் இன்னொரு வில்லனும் உண்டு, பிளேக். எலியின் தெள்ளுப்பூச்சி வழியாக வரும். காலுறைக்குள் பேன்ட்டைச் சொருகிப் பூச்சி விரட்டி அடித்துக்கொள்வது அழகாக இருக்காது, செய்துவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொருவரின் ரத்த மாதிரியையும் எடுத்துச் சேமிப்பது நல்ல வழக்கம். பின்னால் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஒப்பிட உதவும். வைரஸ் உடலில் புகுந்து ஒன்று முதல் எட்டு வாரத்தில் நோய் வெளிப்படும். முதலில் காய்ச்சல், தொடை இடுப்பு முதுகில் கடும் வலி, அப்புறம்தான் மூச்சு. ஃப்ளூ என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுக்காமல், "நான் எலிகளோடு வேலை செய்கிறவன்" என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அப்படி எழுதிய அட்டை ஒன்றைப் பணப்பையில் வைத்திருங்கள்.

நான்காம் படி: மாலையில் பொறி வைத்தல்

நம் ஊர் எலிப்பொறியில் கருவாடோ மசால் வடையோ தொங்கும். இங்கே ஓட்ஸும் பீனட் பட்டரும். பொறி, ஷெர்மன் என்ற மடக்கு அலுமினியப் பெட்டி. 8 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம், 23 செ.மீ. நீளம். எலி உள்ளே போய்த் தட்டை மிதித்தால் கதவு மூடிக்கொள்ளும், உயிருக்குச் சேதமில்லை. இரவில் குளிருமென்றால் ஒரு பிடி பாலியெஸ்டர் பஞ்சு வையுங்கள். பருத்திப் பஞ்சு நனைந்தால் எலி விறைத்துச் செத்துவிடும்.

எளிய அமைப்பு நேர்கோடு: பத்து மீட்டருக்கு ஒரு பொறி. எலிகளின் அடர்த்தியை மதிப்பிட வேண்டுமானால் சிலந்தி வலை அமைப்பு. நடுவிலிருந்து பன்னிரண்டு ஆரைகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பொறிகள், முதல் நான்கு பொறிகள் ஐந்து மீட்டர் இடைவெளியில், மற்ற எட்டும் பத்து மீட்டரில். நடுவில் இன்னும் நான்கு. மொத்தம் 148 பொறிகள், நூறு மீட்டர் ஆரம். தென்மேற்கின் நீண்டகால ஹாண்டா ஆய்வுகளில் இதைத்தான் மாதம் மூன்று இரவுகள் வைத்தார்கள்.

ஒவ்வொரு பொறிக்கும் எண்ணும் சிறு கொடியும் வேண்டும். புதருக்கடியில், கட்டை ஓரத்தில், எலி ஓடுகிற தடத்தில் வையுங்கள். ஆனால் எலி அதிகம் சிக்கும் என்று தோன்றும் பக்கமாகப் பொறியை நகர்த்தாதீர்கள். இந்தச் சபலம் எல்லோருக்கும் வரும். நகர்த்தினால் போன மாதக் கணக்கோடு ஒப்பிட முடியாது.

ஐந்தாம் படி: காலையில் எடுத்தல்

விடிந்ததும் போய்விட வேண்டும். பாலைவன வெயிலில் அலுமினியப் பெட்டி சீக்கிரம் கொதிக்கும், எறும்பு மொய்த்தாலும் எலி பிழைக்காது. பகல் முழுக்கப் பொறிகளை மூடியே வையுங்கள்.

கதவு மூடியிருக்கும் பொறியை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கக் கூடாது. கையை நீட்டி, காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும்படி நின்று, கதவை லேசாகத் திறந்து பாருங்கள். எலி இருந்தால் பொறியோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, பொறி எண்ணைப் பையில் எழுதி, இன்னொரு பையில் இட்டுக் கட்டுங்கள். வண்டியில் கொண்டுபோனால் திறந்த பின்பகுதியில்தான், ஆட்கள் உட்காரும் இடத்தில் கூடவே கூடாது.

எலி இல்லாமல் கதவு மட்டும் மூடியிருந்த பொறிகளையும் எழுதுங்கள். ஒரு பொறி ஓர் இரவு திறந்திருந்தால் அது ஒரு பொறி இரவு; 148 பொறி, மூன்று இரவு என்றால் 444 பொறி இரவுகள். 40 முறை எலி சிக்கியது என்று வைத்துக்கொள்வோம், நூறு பொறி இரவுக்கு 9. ஆனால் 24 பொறிகள் எலியில்லாமல் மூடிக் கிடந்தன என்றால், அவை பாதி இரவுதான் வேலை செய்தன என்று கொண்டு 12 இரவைக் கழிக்க வேண்டும். 432க்கு 40, அதாவது 9.3. வித்தியாசம் சிறியதுதான். காற்றடித்த இரவில் பாதிப் பொறிகள் தானாக மூடிக்கொண்டால் அது சிறியதாக இருக்காது.

ஆறாம் படி: அளவெடுத்தல், மாதிரி எடுத்தல்

திறந்த வெளியில், வெயில் படும் இடத்தில், மக்கள் நடமாட்டத்துக்கும் வீடுகளுக்கும் தள்ளி மேசை போடுங்கள். குறைந்தது இரண்டு பேர். ஒருவர் எலியைத் தொடுவார், மற்றவர் எழுதுவார். எழுதுகிறவர் எலியைத் தொடக் கூடாது, தொடுகிறவர் பேனாவைத் தொடக் கூடாது.

ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க மருந்தில் எலி மயங்கியதும் வரிசையாகச் செய்ய வேண்டும், நேரம் குறைவு. இனம், எடை, உடல் நீளம், வால், பின்பாதம், காது. ஆணா பெண்ணா. ஆணென்றால் விதை இறங்கியிருக்கிறதா, பெண்ணென்றால் சினையா, பால் கொடுக்கிறதா. காதிலும் வாலிலும் கடித்த தழும்புகள். தழும்பை விட்டுவிடாதீர்கள். டியர் மவுஸ்களிடையே வைரஸ் பரவுவது பெரும்பாலும் சண்டையில், கடியில். வளர்ந்த ஆண்களிடம் தொற்று அதிகம், தழும்புள்ளவற்றிடம் இன்னும் அதிகம்.

ரத்தத்தை, அது உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் பூசிய நுண்குழாயில் பயிற்சி பெற்றவர் எடுப்பார். எடையில் ஒரு சதவீதத்துக்கு மேல் வேண்டாம்: 20 கிராம் எலிக்கு 0.2 மில்லி. திரும்ப விடும் ஆய்வென்றால் காதில் எண்ணிட்ட உலோக வில்லை மாட்டி, மயக்கம் முழுக்கத் தெளிந்ததும், பிடித்த அதே பொறியின் இடத்தில் விடுங்கள். உறுப்பு தேவைப்படும் ஆய்வென்றால் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட முறையில் வலியில்லாமல் கொன்று, நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றின் துண்டுகளைத் தனித்தனிக் குப்பிகளில் இடுவார்கள். ஓர் எலி முடிந்ததும் கருவிகளைக் கிருமிநீக்கி, மேல் கையுறையை மாற்றிய பிறகே அடுத்தது. ஒரு கத்தரிக்கோலில் ஒட்டிய ரத்தம் போதும், பரிசோதனையில் இரண்டு எலிகளுக்கும் தொற்று என்று வரும்.

ஓர் எலிக்கு ஒரே எண். அதே எண் குப்பியில், நோட்டில், காது வில்லைப் பட்டியலில், தோலில். குப்பிகளில் முந்தின இரவே எண் எழுதி வையுங்கள். சாராயம் பட்டு அழியாத பேனாவா என்று சோதித்துப் பாருங்கள்.

ஏழாம் படி: குளிரும் அருங்காட்சியகமும்

குப்பிகள் உடனே திரவ நைட்ரஜனிலோ உலர்பனியிலோ போக வேண்டும். ஆய்வகத்தில் மைனஸ் 70 டிகிரி அல்லது அதற்கும் கீழே. நடுவில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தால் வைரஸின் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும்.

கொன்ற எலியின் தோல், எலும்பு, உறைந்த திசு மூன்றையும் அருங்காட்சியகத்தில் ஒப்படையுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். ஆல்புகர்க்கியிலுள்ள தென்மேற்கு உயிரியல் அருங்காட்சியகத்தில் உயிரியலாளர் டெரி யேட்ஸும் அவர் குழுவும் சேர்த்துவைத்த பழைய உறைதிசுக்கள் இருந்ததால்தான், இந்த வைரஸ் 1993இல் புதிதாக முளைத்தது இல்லை, அதற்கு முன்பே எலிகளில் இருந்தது என்று காட்ட முடிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. டியர் மவுஸ் என்று ஒரே இனமாக வைத்திருந்ததை அண்மை ஆண்டுகளில் பலவாகப் பிரித்துவிட்டார்கள். மேற்குப் பகுதியில் உள்ளதை இப்போது பெரோமிஸ்கஸ் சொனொரியென்சிஸ் என்கிறார்கள். பெயர் மாறினாலும் தோல் இருந்தால் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம்.

தேடாத பிராணி சிக்கினால் தூக்கிப் போடாதீர்கள். வேலூர் தொட்டப்பாளையத்தில் 1964இல், மூளைக்காய்ச்சல் ஆய்வுக்காகப் பிராணிகளைப் பிடித்தபோது ஒரு மூஞ்சூறு அகப்பட்டது. மூஞ்சூறு எலிக் குடும்பமே இல்லை. அதிலிருந்து பிரித்த வைரஸ் எந்த வகை என்று அப்போது யாருக்கும் புரியவில்லை. பிற்காலத்தில்தான் அது ஹாண்டா வகை என்றும், கொரிய வைரஸுக்கு முன்பே பிரித்தெடுக்கப்பட்டது என்றும் தெரிந்தது. அதன் பெயர் இன்றும் தொட்டப்பாளையம் வைரஸ்தான்.

எட்டாம் படி: ஆய்வகமும் விடையைப் படிப்பதும்

களக்குழுவின் வேலை மாதிரியை ஒழுங்காக ஒப்படைப்பதோடு முடிகிறது. ஆய்வகத்தில் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை மூலம், வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்ப்பார்கள், பிசிஆர் மூலம் வைரஸின் மரபுத்துணுக்கைப் பார்ப்பார்கள். வைரஸை வளர்க்க வேண்டிய தேவை பெரும்பாலான ஆய்வுகளில் இல்லை. அது உயர்பாதுகாப்பு ஆய்வகங்களின் வேலை.

விடை வந்ததும் அவசரப்படாதீர்கள். குட்டி எலியின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம். எடையை எழுதி வைத்ததன் பயன் இங்கே தெரியும். அறுவடைச் சுண்டெலி என்ற இன்னோர் இனத்தில் எதிர்ப்பொருள் கிடைத்தால், அது எல் மோரோ கேன்யன் என்ற வேறு ஹாண்டா வைரஸால் வந்ததாக இருக்கலாம். எலைசா இரண்டையும் பிரித்துக் காட்டாது, மரபு வரிசைதான் சொல்லும். வேறு இனத்தில் ஒன்றிரண்டில் தொற்று கண்டால் அந்த இனமே வைரஸின் தாயகம் என்று எழுதிவிட வேண்டாம், டியர் மவுஸிடமிருந்து தற்செயலாகத் தொற்றியிருக்கலாம்.

ஒரே எலி மூன்று இரவும் சிக்கியிருந்தால் சதவீதக் கணக்கில் அது ஓர் எலிதான். முப்பதில் ஒன்றுக்கும் தொற்றில்லை என்றால் பூஜ்யம் என்று மட்டும் எழுதாதீர்கள். இதற்கு ஓர் எளிய விதி உண்டு: மூன்றை, பரிசோதித்த எலிகளின் எண்ணிக்கையான முப்பதால் வகுங்கள், உண்மையில் 10 சதவீதம் வரை இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று, பலரையும் ஏமாற்றுவது. நல்ல மழைக்குப் பிறகு எலிகள் பெருகும்போது தொற்றுச் சதவீதம் குறைந்ததுபோல் தோன்றும். அப்போது இருப்பவை பெரும்பாலும் தொற்றாத இளம் எலிகள். அவை வளர்ந்து, இடத்துக்கும் இணைக்கும் சண்டையிட்டு, குளிர்காலம் தாண்டிய பிறகுதான் சதவீதம் ஏறும். மழைக்கும் மனிதர்களின் நோய்க்கும் நடுவே ஓராண்டோ அதற்கு மேலோ இடைவெளி விழுவது இதனால்தான். ஒரே ஒரு பருவம் மட்டும் பொறி வைத்தவருக்கு இது பிடிபடாது.

ஒன்பதாம் படி: ஊருக்குத் திரும்பச் சொல்வது

1993இல் பத்திரிகைகள் இதை நவஹோ காய்ச்சல் என்று எழுதின, அந்த மக்களைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கினார்கள். அதனால் அறிக்கையில் வீடுகளின் இருப்பிடத்தைத் துல்லியமாகப் போடாதீர்கள். வரைபடத்தில் வட்டாரம் தெரிந்தால் போதும். முடிவுகளைப் பத்திரிகைக்கு முன்னால் அந்த வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள்.

சொல்லும்போது சதவீதத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அவர்கள் வீட்டில் பார்த்ததை வைத்தே பேசுங்கள்: எந்தச் சுவரில் எந்த இடுக்கு, எந்தக் கொட்டகையில் புழுக்கை. 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும், இரும்புக் கம்பிப்பஞ்சு வைத்து அடைக்கலாம். 2012இல் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் தங்கிய பத்துப் பேருக்கு ஹாண்டா தொற்றி, மூவர் இறந்தார்கள். பெரும்பாலானோர் தங்கியது இரட்டைச் சுவர் வைத்த கூடாரக் குடில்களில். குளிருக்காகப் போட்ட அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவில் சுண்டெலிகள் கூடு கட்டியிருந்தன.

புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கவோ வாக்குவம் போடவோ கூடாது, தூள் பறக்கும். பூட்டிக் கிடந்த அறையானால் முதலில் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும். பிறகு கையுறை போட்டு, பிளீச் கலவையால் நன்றாக நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, தாளால் துடைத்துக் கட்டிப் போட வேண்டும். குளிர்காலம் முழுக்க மூடிவைத்த கொட்டகைகளையும் குடில்களையும் மக்கள் வசந்த காலத் தொடக்கத்தில் திறப்பார்கள். உங்கள் அறிக்கை அச்சாகும் வரை காத்திருக்காமல், இந்த ஒரு பத்தியை மட்டும் தாளில் எடுத்து அதற்கு முன்பே வீடுவீடாகக் கொடுத்துவிடுங்கள்.